நடுக்கத் தாத்தா

முடிச்சக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. அதில் இருபத்திரண்டு வருஷம் ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல், ஒரே வேலை. பொம்மைக்கு நூல் கட்டுவது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி முதலாளியிலிருந்து வாசல் கூட்டுகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் முடிச்சக்காதான். அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. கல்யாணம் என்கிற முடிச்சு ஒன்று அவிழ்ந்தது, ஆனால் அதை நான் போடவில்லையே என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கூட இருப்பவர்கள்தான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முழிப்பார்கள்.

அவள் வேலை பார்த்த கட்டடத்துக்கு முன்பக்கம் ஒரு முகம், பின்பக்கம் ஒரு முகம். முன்னால் நூல்பொம்மை நாடகக் கூடம், இருநூறு நாற்காலி, கறுப்புத் திரை. பின்னால் பொம்மைப் பட்டறை. நடுவில் ஒரே ஒரு கதவு. பட்டறையில் குழந்தைகள் விளையாட விற்கிற சின்னப் பொம்மை செய்வார்கள், அதற்கு ஐந்து நூல். மேடையில் ஆடுகிற பொம்மைக்குப் பதின்மூன்று. அந்த ஐந்தையும் இந்தப் பதின்மூன்றையும் கட்டுகிற விரல்கள் இவளுடையவை.

இந்த இடம் எப்படி வந்தது என்று கேட்டால் முதலாளி ஒரு கதை சொல்லுவார், அதைக் கேட்காமல் அந்த ஊரில் யாரும் தப்பியதில்லை. அவருடைய தாத்தா ஒரு தச்சராம். மரப்பொம்மை செய்து கடை ஜன்னலில் தொங்கவிட்டாராம். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பொம்மைக்கு நூல் கட்டி மேலிருந்து ஆட்டினாராம். தெருவே நின்றுவிட்டது. வண்டி நிற்கிறது, ஆள் நிற்கிறது, வாயில் ஈ போனது தெரியாமல் பார்க்கிறார்கள், ஆனால் வாங்கத்தான் ஒருத்தரும் உள்ளே வரக் காணோம். மனுஷர் யோசித்தார். வாங்கவும் மாட்டேன் என்கிறார்கள், போகவும் மாட்டேன் என்கிறார்களே என்று பெஞ்சு போட்டு டிக்கெட் வைத்துவிட்டார். நாடகம் பார்த்துவிட்டு வெளியே வந்த குழந்தைகள், அந்தப் பொம்மை வேண்டும் என்று தரையில் விழுந்து புரண்டன. அப்புறம்தான் பொம்மையே விற்றதாம்.

முடிச்சக்காவுக்கு அந்தக் கதையில் ஒரு குறை. வாங்கிப் போன குழந்தை வீட்டில் என்ன செய்தது என்று முதலாளி சொல்லவே மாட்டார். அவளுக்குத் தெரியும். அரைமணி நேரத்தில் ஐந்து நூலும் சிக்கிக்கொள்ளும், அப்பா உட்கார்ந்து பிரிப்பார், அவர் கோபத்தில் இழுத்து இன்னும் சிக்காக்குவார், கடைசியில் அது பட்டறைக்கே திரும்பி வரும். மேடையில் பார்த்தபோது பொம்மை தானாக நடந்தது. கையில் பிடித்தால் தொங்குகிறது, அவ்வளவுதான். அந்த ஏமாற்றத்திலும் ஒரு ருசி இருக்கிறது போல. இல்லாவிட்டால் ஏன் மறுபடி மறுபடி வந்து டிக்கெட் வாங்குகிறார்கள்? ஒரு தடவை பழைய செய்தித்தாளில் படித்தாள்: ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கல்லறைகளில்கூட, கை கால் தனித்தனியாகச் செய்த பொம்மைகள் கிடைத்திருக்கின்றனவாம், நூல் கோக்கிற துளையோடு. நூல் மக்கிப்போய்விட்டதாம். "பின்ன? எங்க வேல எப்பவுமே மக்கித்தான் போகும்" என்றாள் பக்கத்து மேசைக்காரியிடம்.

அவளைக் கைபிடித்து அந்தக் கட்டடத்துக்குக் கூட்டிவந்தது அவள் அண்ணன். அவளைவிட எட்டு வயது மூத்தவர். கூடத்தில் அவர்தான் பெரிய கை. அங்கே அப்படித்தான் சொல்வார்கள்: மேடைக்கு மேலே ஒரு பலகைப் பாலம், அதில் நின்று முக்கியமான பொம்மையை ஆட்டுகிறவர் பெரிய கை, அவருக்கு அடுத்தபடி ஆட்டுகிறவர் சின்னக் கை. புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு இவள் வாசலில் வந்து நின்றபோது அண்ணன் என்ன ஏது என்று கேட்கவில்லை. "உள்ள வா பாப்பா, காலு வலிக்கும்" என்றார். அன்றைக்குக் கேட்காதவர் அதற்குப் பிறகும் கேட்கவே இல்லை. அவரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தங்கச்சிக்காகத்தான் என்று ஊர் சொல்லும். அதெல்லாம் ஒண்ணுமில்ல, எனக்கு எவளும் கெடைக்கல என்று அவர் சொல்லுவார். எது நிஜம் என்று தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் வந்ததே இல்லை. நாற்பத்தெட்டு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

நூல் கட்டுவதில் ஒரு முறை உண்டு. புது நூலுக்கு மெழுகு தேய்த்து, அடியில் எடை கட்டி, மூன்று நாள் தொங்கவிட வேண்டும். இழுபட வேண்டியதெல்லாம் அப்போதே இழுபட்டுவிடும். பிறகு பொம்மையைப் படுக்க வைத்துக் கட்டக் கூடாது, நிற்க வைத்துத்தான் கட்ட வேண்டும். நூலெல்லாம் மேலே ஒரு பிடிகட்டையில் போய் முடியும், ஆட்டுகிறவர் பிடிப்பது அதைத்தான். நூலின் நீளம் அவருடைய முழங்கை உயரத்துக்கு. ஒருத்தருக்குக் கட்டிய பொம்மையை இன்னொருத்தர் எடுத்தால், அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரிதான் இருக்கும். அண்ணனின் முழங்கை உயரம் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆட்டம் நடக்கும்போது மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள், நூல் அறுந்தால் ஓடிப்போய்க் கட்டுவதற்கு. கூடத்தில் இருக்கிறவர்களுக்கு ஐந்து நிமிஷத்தில் நூல் கண்ணிலிருந்து மறைந்துவிடும், பொம்மை மட்டும் தெரியும். இவளுக்கு உல்டா. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாடகத்தையும் அவள் பார்த்ததில்லை, நூலைத்தான் பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் முதலில் அவள் கண்ணில் பட்டது.

ராஜகுமாரன் பொம்மை சும்மா நிற்கிற இடம். மற்ற பன்னிரண்டு நூலும் அசையவில்லை. வலது கை நூல் மட்டும், மழை வருவதற்கு முன்னால் காற்றில் மின்கம்பி அதிருமே, அப்படி ஒரு அதிர்வு. நூலில்தான் கோளாறு என்று நினைத்தாள். மறுநாள் மாற்றினாள். அதற்கு மறுநாளும் மாற்றினாள். மெழுகைத் திட்டினாள், நூல்கண்டு விற்றவனைத் திட்டினாள், அவன் பரம்பரையையே இழுத்தாள். பாவம், அவன் என்ன பண்ணுவான்! ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் டீ கிளாஸை எடுத்தார். கிளாஸ் தட்டில் டக் டக் என்று தட்டியது. அவர் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் நூலை மாற்றவில்லை.

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் என்றால், கூடத்தில் ஒரு பழக்கம் இருந்தது: கை போனவரைப் பாலத்தில் நிற்க விடமாட்டார்கள். முன்னால் இருந்த பெரிய கைக்கு மணிக்கட்டு வீங்கியது என்று தெரிந்த வாரமே அவரை இறக்கிவிட்டார்கள். நல்லபடியாகத்தான் இறக்கினார்கள், மாலை எல்லாம் போட்டார்கள். அந்த மனுஷர் அதற்குப் பிறகு கூடத்துத் தெருப் பக்கமே வராமல் சுற்றுவழியில் நடந்து நடந்தே போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்குப் பாலத்தைத் தவிர வேறு என்ன இருந்தது? சீட்டாட்டம் கிடையாது, சினிமா கிடையாது, நாலு சிநேகிதர்கள் கிடையாது. ஒரு தங்கச்சி, ஒரு பாலம். இது நம்மோடு போகட்டும் என்று முடிச்சக்கா முடிவு பண்ணினாள். அவரிடம்கூடச் சொல்லக் கூடாது, தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் மனுஷர் உடைந்துவிடுவார்.

பிறகு ஆரம்பித்தது அவளுடைய திருட்டு வேலை. பொம்மையின் உள்ளங்கையைக் குடைந்து அதில் ஈயக்குண்டு வைத்தாள். கனம் ஏறினால் சின்ன நடுக்கம் கீழே இறங்காது. அண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, கனமா இருக்கு?" என்றார். "புது மரம், இன்னும் ஈரம் காயல" என்றாள் கண்ணைச் சிமிட்டாமல். மரம் பழசு என்று தொட்டாலே அவருக்குத் தெரிந்திருக்கும். பொம்மையைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறினார். ஒரு குண்டு மூன்றாயிற்று, மூன்று ஆறாயிற்று. ராஜகுமாரனுக்குக் கை ஓங்கவே அரை நாள் ஆயிற்று. ஒரு வருஷம் இப்படி ஓடியது. அதற்கப்புறம் ஈயத்தாலும் ஆகவில்லை.

பழைய பெட்டிகளைக் குடைந்தபோது ஒரு கிழவர் பொம்மை கிடைத்தது. கூன் முதுகு, தொங்கிய கன்னம், நூலெல்லாம் அற்றுப்போய்க் கிடந்தது. அவளுக்குப் பளிச்சென்று உறைத்தது. ராஜகுமாரன் கை நடுங்கினால் கேவலம். கிழவர் கை நடுங்கினால் யார் என்ன சொல்ல முடியும்? முதலாளியிடம் போனாள். தூரதேசம் போன மகளுக்காகக் காத்திருக்கிற ஒரு கிழவர், மகள் வந்து சேர்கிற நிமிஷத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிரை விடுகிறார், இப்படி ஒரு நாடகம் போடலாமே என்றாள். முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நூல் கட்டுறவ கதை கட்ட ஆரம்பிச்சுட்டியா?" என்றார். ஆனால் போட்டார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. செத்தவர் அசையக் கூடாது. மகள் பொம்மை பேசி அழுகிற நாலு நிமிஷமும் கிழவர் தலை நிமிர்ந்து கல்லாக உட்கார்ந்திருக்க வேண்டும். தலை நிமிர்ந்திருக்க நூல் விறைப்பாக இருந்தாக வேண்டும், நூல் விறைப்பாக இருந்தால் மேலே இருக்கிற கையின் நடுக்கம் அப்படியே கீழே இறங்கிவிடும். பாலத்தின் கைப்பிடியில் சரியான உயரம் பார்த்து ஒரு கொக்கி அடித்தாள். "அண்ணே, கெழவர் உக்காந்ததும் பிடிகட்டைய இதுல மாட்டிடு. கை வலிக்காது" என்றாள். "ம்" என்றார் அவர்.

முதல் ஆட்டத்தில் நடந்ததை அந்த ஊர் வெகுநாள் பேசியது. கிழவர் வந்தார், தடியை ஊன்றினார், கை நடுங்கியது. கூடம் சிரித்தது. கதவைத் திறக்கப் போனார், நடுங்கியது. விளக்கைத் துடைத்தார், நடுங்கியது. போகப்போகச் சிரிப்பு நின்றுவிட்டது. நிஜக் கிழவர் ஒருத்தர்தான் அங்கே சுருங்கி நிற்கிறார் என்று ஆகிவிட்டது. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தார். நடுக்கம் நின்றது. யாரும் சொல்லாமலே இருநூறு பேருக்கும் புரிந்துவிட்டது, உயிர் போய்விட்டது என்று. முன்வரிசையில் ஒரு அம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். முடிச்சக்கா மேலே பார்த்தாள். கொக்கியில் கட்டை தொங்கியது. இருட்டில் அண்ணன் பாலத்தின் பின்பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கம்பியே ஆடியது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் பட்டறையில் டீ குடித்தார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, "யோவ், அந்த நடுக்கம் எப்படிய்யா? அப்படியே தத்ரூபமா!" என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் முடிச்சக்கா முந்திக்கொண்டாள். "அது அண்ணனோட புது வித்தை மொதலாளி. ஒரு வருஷமா வீட்ல உக்காந்து பழகிச்சு. நான் பாத்துட்டேதானே இருக்கேன், ராத்திரி பகலா அதே வேலதான்" என்று ஒரே மூச்சில் கொட்டினாள். பெருமை வழிய வழியச் சொன்னாள். வேறு எப்படிச் சொல்வது? சந்தேகம் வந்துவிடக் கூடாதே!

அண்ணன் அவளைப் பார்த்தார். சிரித்தார். வாயை மூடிக்கொண்டார்.

அப்பாடா, தப்பித்தோம் என்று அவளுக்கு உயிர் வந்தது. அந்தப் பொய்யில் இரண்டு வருஷம் ஓடியது. டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று பல தடவை நினைத்தாள். ஆனால் அது சின்ன ஊர், ஆஸ்பத்திரியில் யாரைப் பார்த்தாலும் தெரிந்த முகம். பெரிய கை டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு வார்த்தை போனால் போதும். தள்ளிப்போட்டாள். முதலாளி சும்மா இருப்பாரா? நாடகம் பிடித்துப்போனதும் பட்டறையில் அதையே பொம்மையாக்கச் சொன்னார். ஐந்து நூல் வைத்த சின்னக் கிழவர், கை நூலில் ஒரு மெல்லிய ஸ்பிரிங். லேசாகத் தூக்கினாலே போதும், கை வெடவெடவென்று ஆடும். பெயர் நடுக்கத் தாத்தா. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கடையில் அவ்வளவு விற்ற பொம்மை வேறில்லை. மற்ற பொம்மை மாதிரி இதை ஆட்டத் தெரிய வேண்டாமே, பிடித்தாலே அது ஆடும். நாளெல்லாம் முடிச்சக்கா உட்கார்ந்து தன் அண்ணன் கைக்கு ஸ்பிரிங் மாட்டினாள். முதல் பெட்டி முடிந்த அன்றைக்குக் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தாள். அப்புறம் பழகிவிட்டது. எதுதான் பழகாது?

இப்படியே போயிருந்தால் எப்படியோ போயிருக்கும். முதலாளிக்கு ஊர் ஊராகப் போகிற இரண்டாவது குழு ஒன்று கிளப்ப வேண்டும் என்று ஆசை வந்தது. கிழவர் நாடகத்தைச் சின்னக் கை ஆட வேண்டும், அதற்குப் பெரிய கை அந்த வித்தையைச் சொல்லித்தர வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பட்டறையில் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டார். மேசை மேல் ஏறி நின்று ஆட்டினால் பொம்மை தரையில் நடக்கும், எல்லாரும் பார்க்கலாம்.

"மொதல்ல நடுக்கம் இல்லாம நடத்திக் காட்டுங்க. அப்புறம் நடுக்கத்தோட. அப்பதான் தம்பிக்கு வித்தியாசம் புரியும்" என்றார் முதலாளி.

அண்ணன் கட்டையை எடுத்தார். கிழவர் எழுந்தார். கை நடுங்கியது.

"அட, நடுக்கம் இல்லாமன்னேன்."

"ஆமா, ஆமா" என்றார் அண்ணன். மூச்சைப் பிடித்துக்கொண்டார். நடுங்கியது. கட்டையை இடது கைக்கு மாற்றினார். கிழவர் தலை ஒரு பக்கம் கோணிக்கொண்டது, அதுவும் நடுங்கியது. பட்டறைப் பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், கிண்டலுக்குச் செய்கிறார் என்று நினைத்துவிட்டாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிப் புருவத்தில் நின்றது. முதலாளி பொம்மையை விட்டுவிட்டு மெதுவாகக் கையைப் பார்க்க ஆரம்பித்தார்.

முடிச்சக்காவுக்கு உலகமே அந்த ஒரு பார்வையில் நின்றது. இன்னும் ஒரு நொடி போனால் முடிந்தது கதை. பாய்ந்து மேசை மேல் ஏறினாள். "குடு அண்ணே, நீ எப்பவும் இப்படித்தான், சொல்லித்தரவே மனசு வராது உனக்கு!" என்று சத்தம் போட்டுக்கொண்டே கட்டையைப் பிடுங்கினாள். "இதுல என்ன மொதலாளி பெரிய ரகசியம்? எல்லாம் மணிக்கட்டுலதான். நான் காட்றேன்."

நூல் அவள் உயரத்துக்குக் கட்டியது இல்லை. அதனால் என்ன, குதிகாலை உயர்த்திக்கொண்டாள். கிழவரை நேராக நிறுத்தினாள், சிலை மாதிரி. பிறகு மணிக்கட்டைத் தளர்த்தினாள். மூன்று சின்னது, ஒரு பெரிசு. கொஞ்சம் நின்று, மறுபடி இரண்டு சின்னது. எதையாவது எடுக்கப் போகும்போது குறையும், சும்மா இருக்கும்போது கூடும். மூன்று வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பார்த்த நடுக்கம். அதன் தாளம் அவளுக்கு மனப்பாடம். நிறுத்தினாள், ஆரம்பித்தாள், நிறுத்தினாள். பட்டறையே கை தட்டியது.

"அட்ரா சக்க!" என்றார் முதலாளி. சின்னக் கை கெட்டிக்காரப் பையன்தான், முப்பது வயசு, ரப்பர் மாதிரி மணிக்கட்டு. அரைமணி நேரத்தில் பிடித்துக்கொண்டான். அக்கா, இப்படியா, அக்கா, இப்படியா என்று கேட்டுக் கேட்டுச் செய்தான். அண்ணன் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். காப்பாற்றிவிட்டோம் என்று முடிச்சக்கா நினைத்தாள். பைத்தியக்காரி.

நாலு நாள் கழித்து முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாத்தியா முடிச்சக்கா, அன்னைக்கு உங்க அண்ணனால அந்த வித்தைய நிறுத்தவே முடியல? ஒரே வேஷத்தையே ஆடி ஆடி அதுவே கைல ஒட்டிக்கிச்சு. சின்னக் கை நிறுத்துன்னா நிறுத்துறான், ஆடுன்னா ஆடுறான். இங்க இனிமே அவனே ஆடட்டும். வெளியூர்க் குழுவ அப்புறம் பாத்துக்கலாம். அண்ணன் வாசல்ல டிக்கெட் கிழிக்கட்டும், மரியாதையாத்தான் வெச்சுப்பேன்."

அவள் என்ன சொல்ல முடியும்? அது வித்தை இல்லை, வியாதி என்றா? சொன்னாலும் பாலம் போகும், சொல்லாவிட்டாலும் போகும். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று மேசை மேல் ஏறி நின்று காட்டியவள் இவள்தானே! மூன்று வருஷம் யார் கண்ணிலும் படாமல் பொத்திப் பொத்திக் காத்ததை அரைமணி நேரத்தில் தன் கையாலேயே தூக்கி இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டாள். நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. சின்னக் கையின் முழங்கை உயரத்துக்குக் கிழவர் பொம்மையின் பதின்மூன்று நூலையும் மாற்றிக் கட்ட வேண்டி வந்தது. அதையும் கட்டினாள்.

அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று டிக்கெட் கிழித்தார். ஆட்டத்தின்போது அவள் தன் முக்காலியில் உட்கார்ந்து மேலே பார்ப்பாள். வேறு ஒருத்தன் கை. நடுக்கம் அச்சு அசலாக அதேதான். நிறுத்த வேண்டிய இடத்தில் அவனுக்குக் கொக்கிகூடத் தேவைப்படவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியான ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. அண்ணன் அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்களின் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார், கிழிப்பது கோணல்மாணலாகத்தான் வரும். முடிச்சக்கா அவருக்கு டீ கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள். புது நடுக்கத் தாத்தாவைக் கையில் தூக்கிக்கொண்டு ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்தது. பொம்மையின் கையைப் பார்த்தது. அண்ணன் கையைப் பார்த்தது. மறுபடி பொம்மையைப் பார்த்தது.

"அம்மா, இந்த மாமாவுக்கும் ஸ்பிரிங் வெச்சிருக்காங்களா?" என்று உரக்கக் கேட்டது.

அம்மாக்காரி குழந்தையின் முதுகில் ஒன்று வைத்து, "மன்னிச்சுக்குங்க சார், சின்னப் புள்ள" என்று இழுத்துக்கொண்டு போனாள். அண்ணன் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். டீயை வாங்கினார், பாதி சட்டையில் சிந்தியது. "நாளைக்கு லீவு சொல்லிடு பாப்பா. டாக்டர்கிட்ட போலாம்" என்றார். இனிமேல் யார் பார்த்தால் என்ன?

டாக்டர் ஒரு பெண், அவர்களைவிட இளையவள், அமைதியான முகம். விரலால் மூக்கைத் தொடச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், தாளில் வட்டம் போடச் சொன்னாள். வட்டம் முள்வேலி மாதிரி வந்தது.

"எத்தன நாளா இருக்கு?"

"ஒரு ஆறு மாசம் இருக்கும்மா" என்றார் அண்ணன்.

இந்த ஒரு இடத்திலாவது நிஜம் சொல்ல வேண்டாமா என்று முடிச்சக்காவுக்குப் பட்டது. "மூணு வருஷம்" என்றாள். "மூணு வருஷத்துக்கு மேலயே இருக்கும் டாக்டர். வலது கைலதான் ஆரம்பிச்சது."

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவர் முகத்தில் அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"மூணு வருஷமாவா? ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க?" என்றாள் டாக்டர். "முழுசா போற வியாதி இல்லதான். ஆனா இதுக்கு மாத்திரை இருக்கு, பல பேருக்கு நடுக்கம் நல்லாவே அடங்கும். அப்பவே வந்திருந்தா இத்தன நாளும் சிரமம் இல்லாம வேலை பாத்திருக்கலாமே. என்ன வேலை?"

அண்ணன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினாள்.

மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு எதிரே நீள பெஞ்சு. எண் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். 

"அப்ப உனக்குத் தெரியும்" என்றார் அண்ணன்.

"தெரியும் அண்ணே."

"மொதல்லேர்ந்தா?"

"உனக்கு முன்னாடியே கூடத் தெரிஞ்சிருக்கும். நூல்ல பாத்தேன்." கையிலிருந்த எண் சீட்டை மடித்தாள். "உன்ன எறக்கிடுவாங்களேன்னுதான் அண்ணே. நீ தாங்க மாட்டியேன்னுதான்."

அண்ணன் தலையை ஆட்டினார். நடுக்கத்தில் ஆடியதா, வேண்டும் என்று ஆட்டினாரா, தெரியவில்லை.

"அன்னைக்கு மொத ஆட்டம் முடிஞ்சு மொதலாளி கேட்டாருல்ல," என்றார். "நான் சொல்லிடத்தான் வாயத் தொறந்தேன். மறுநாள் காலைல பத்து மணிக்கு டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். சட்டப் பைல சீட்டு இருந்துச்சு. நீ குறுக்க விழுந்து, எங்க அண்ணனோட வித்தைன்னு அவ்ளோ பெருமையா சொன்ன. வீட்ல என் கை ஆடுறதப் பாத்துட்டு, பழகுறேன்னு நெஜமாவே நம்பிட்டன்னு நெனச்சேன் பாப்பா. உனக்குன்னு பெருமப்பட இந்த ஒலகத்துல வேற என்ன இருந்துச்சு? அதையும் நானே ஒடைக்கணுமான்னு தோணுச்சு. அதான் போகல."

முடிச்சக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். ஜன்னலில் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். அண்ணன்தான் எழுந்து போய் மாத்திரையை வாங்கிக்கொண்டு, எந்த வேளைக்கு எத்தனை என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்.